மார்க்கத்தில் கட்டாயமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி அல்ல

மகளிர் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் உங்களை மாணவியர் உடை விதிகளை வகுக்கும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது இது: முஸ்லிம் மாணவியர் அணியும் ஹிஜாப், நிகாப், புர்கா ஆகியவை இஸ்லாத்தில் கட்டாயமானவையா? கட்டாயம் இல்லையென்றால், கல்லூரி அவற்றைத் தடை செய்வதில் என்ன பிழை?

கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருக்கும் அந்த “இல்லையென்றால்” என்ற பாலத்தை நான் ஏற்கவில்லை. கட்டாயம் இல்லாத ஒன்றைத் தடை செய்துவிடலாம் என்ற எண்ணம்தான் இந்த விவகாரத்தை இத்தனை ஆண்டுகளாகத் திசைதிருப்பி வைத்திருக்கிறது. வழக்கறிஞர்களும் நீதிபதிகளும்கூட அதில் சிக்கியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உடைகளைப் பிரித்துக்கொள்வோம். தலையையும் கழுத்தையும் மூடி முகத்தைத் திறந்து வைப்பது ஹிஜாப். கண்களை மட்டும் விட்டு முகத்தை மறைப்பது நிகாப். உடல் முழுவதும் போர்த்தும் அங்கி புர்கா. தமிழ்நாட்டில் முகம் திறந்த கருப்பு அங்கியையும் புர்கா, பர்தா என்று சொல்வது வழக்கம். இலங்கையில் அதை ஹபாயா என்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊர்களில் வெள்ளைத் துப்பட்டியும் சேலை முந்தானை முக்காடும்தான் அதிகம். கர்நாடகத்தில் 2022இல் நடந்த ஹிஜாப் வழக்கில், மாணவியர் வகுப்பறைக்குள் அணிய அனுமதி கேட்டது தலைத்துணிக்கு மட்டும்தான். ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் பின்னணியில் காட்டப்பட்டவை முகம் மூடிய புர்காப் படங்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், எதிரே இருப்பவரின் முகம் தெரியாமல் பாடம் நடத்த முடியுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கோரிக்கையே அந்த வழக்கில் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். குர்ஆனின் 24ஆவது அத்தியாயத்தில், 30ஆவது வசனம் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது: பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசனம் பெண்களுக்கும் அதையே சொல்லிவிட்டு, தலைத்துணியை மார்பின்மேல் போட்டுக்கொள்ளுமாறும், வெளியே தெரிவதைத் தவிர மற்ற அலங்காரத்தைக் காட்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. 33ஆவது அத்தியாயத்தின் 59ஆவது வசனம் வெளியில் செல்லும்போது மேலாடையைப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறது. “வெளியே தெரிவது” எது என்பதில்தான் ஆயிரத்து நானூறு ஆண்டுகால விவாதம் நடக்கிறது. நபித்தோழர்கள் காலத்திலேயே இதில் இரண்டு விளக்கங்கள் உண்டு. முகமும் முன்கைகளும் என்பது இப்னு அப்பாஸ் சொன்னதாக வரும் விளக்கம்; மேலே அணியும் ஆடைதான் என்பது இப்னு மஸ்ஊத் சொன்னதாக வருவது. முதல் விளக்கத்தை ஏற்றவர்கள் முகத்தைத் திறக்கலாம் என்றார்கள். இரண்டாவதை ஏற்றவர்கள் முகத்தையும் மூட வேண்டும் என்றார்கள். தலையை மூடுவது கடமை என்பதில் நான்கு சுன்னி மத்ஹபுகளின், அதாவது மார்க்கச் சட்ட மரபுகளின், அறிஞர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. முகத்தை மூடுவதில் உண்டு. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் என்ற புனித நிலையில் இருக்கும் பெண் நிகாப் அணியக் கூடாது என்ற நபிமொழி புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தலையை மூடுவதையே இன்றைய காலத்துக்கு ஏற்ப வேறுவிதமாக வாசிக்கும் முஸ்லிம் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களும் தங்களை முஸ்லிம்களாகவே கருதுகிறார்கள்.

ஆகவே, கட்டாயமா என்று ஓர் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்டால் ஒரு பதில் வரும். வேறொருவரிடம் கேட்டால் அதிலிருந்து கொஞ்சம் விலகிய பதில் வரும். சமயங்கள் உயிரோடு இருக்கும் விதமே அதுதான். அந்த விவாதத்துக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை ஒரு நீதிமன்றம் எதற்காகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? இதுதான் என் அடிப்படையான ஆட்சேபம்.

அந்த வேலை எப்படி நம் நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தொடங்கியது இன்றைய கர்நாடகத்தின் உடுப்பியில்தான். உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்றான சிரூர் மடத்தின் தலைவர், 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். அப்போது உடுப்பி அடங்கிய தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு சமயத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது. மடத்தின் சடங்குகளில் அரசு தலையிடாமல் காக்கவே அந்த அளவுகோல் உதவியது. ஆனால் பின்வந்த தீர்ப்புகளில் அது மெல்லத் திரும்பியது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்த வழக்கங்களையும் பின்னாளில் ஒட்டிக்கொண்டவற்றையும் இன்றியமையாதவை அல்ல என்று நீதிமன்றமே கழித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தோம். அதன் பிறகு எந்தச் சமயத்தவர் வந்து உரிமை கேட்டாலும், முதலில் உன் சமய நூலில் இது கட்டாயம் என்று நிரூபி என்பதே வாசற்கதவாகிவிட்டது.

1954 தீர்ப்புக்கு அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் இறுதியில், அதே உடுப்பியில் அரசு மகளிர் பியு கல்லூரி ஒன்றில், அதாவது நம் மேல்நிலைப் பள்ளிக்கு நிகரான இடத்தில், ஹிஜாப் அணிந்த ஆறு மாணவியரை வகுப்புக்குள் விட மறுத்தார்கள். அடுத்த வாரங்களில் குந்தாபுரா போன்ற இடங்களுக்கும் அது பரவியது. காவித் துண்டு அணிந்த மாணவர்கள் போட்டிக்கு வந்தார்கள். கல்லூரி முதல்வர் ஒருவர் மாணவியரின் முகத்துக்கு நேரே இரும்புக் கதவைச் சாத்தும் காட்சியை நாடே பார்த்தது. பிப்ரவரி 5ஆம் தேதி மாநில அரசு, சமத்துவத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் பொது ஒழுங்குக்கும் குந்தகம் விளைவிக்கும் உடைகளை அணியக் கூடாது என்று அரசாணை வெளியிட்டது. 8ஆம் தேதி மண்டியாவில், ஸ்கூட்டரில் வந்து இறங்கிய தனியொரு மாணவியைக் காவித் துண்டுக் கூட்டம் முழக்கமிட்டுக்கொண்டே பின்தொடர்ந்தது. 10ஆம் தேதி உயர் நீதிமன்றம், வழக்கு முடியும்வரை எந்தச் சமய அடையாள உடையும் வகுப்பறையில் வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. உடனே பள்ளி வாசல்களில் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் சிறுமியர் தலைத்துணியைக் கழற்ற நேர்ந்தது. பணிக்கு வந்த ஆசிரியைகள்கூடக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஆசிரியர்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று நீதிமன்றம் பின்னர் விளக்க வேண்டியிருந்தது.

மார்ச் 15ஆம் தேதி, தலைமை நீதிபதி ரிது ராஜ் அவஸ்தி, நீதிபதிகள் கிருஷ்ணா தீட்சித், காஜி ஜெய்புன்னிசா மொகியுதீன் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் முன்வைத்துக்கொண்ட முதல் கேள்வி, ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமா என்பது. குர்ஆன் மொழிபெயர்ப்பையும் அதன் விளக்கக் குறிப்புகளையும் வாசித்து, இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சீருடை நியாயமான கட்டுப்பாடு, மாணவியர் அதை எதிர்க்க முடியாது என்றார்கள்.

இந்த அளவுகோல் அந்தப் பெண்களை எந்த இடத்தில் நிறுத்தியது என்பதைக் கவனியுங்கள். நான் என் மனசாட்சிப்படி, என் விருப்பத்தின்படி இதை அணிகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், விருப்பம் என்றால் அது கட்டாயம் அல்ல, ஆகவே பாதுகாப்பு கிடையாது என்கிறது சட்டம். எனக்கு வேறு வழியே இல்லை, மார்க்கம் என்னைக் கட்டாயப்படுத்துகிறது என்று சொன்னால் பாதுகாப்பு கிடைக்கலாம். ஆனால் அதைச் சொன்ன மறுகணமே, பாருங்கள், இவள் கட்டாயப்படுத்தப்படுகிறாள், இவளை விடுவிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். எப்படிப் பேசினாலும் தோற்கிற மாதிரி அமைந்த கேள்வி இது. சமூகத்துக்குள்ளும் இதன் விளைவு கொடியது. ஹிஜாப் கடமையிலும் கடமை என்று உரத்துச் சொல்லும் குரல்தான் வழக்கில் உதவும். வேறுவிதமாக வாசிக்கும் முஸ்லிம் பெண்ணின் குரல் எதிரிக்கு உதவுவதாகப் பார்க்கப்படும். இறுக்கமான வாசிப்பைச் சட்டமே ஊட்டி வளர்க்கிறது.

வேறு அளவுகோல் நம்மிடமே இருந்தது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். 1986இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்று பார்க்கவில்லை. அவர்கள் அதை உண்மையாக, மனசாட்சியோடு கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று அது முடிகிறது. மாணவர்களுக்கு நான் பாடம் எடுத்த காலத்தில் அந்தத் தீர்ப்பை முழுதாக வாசித்துக் காட்டாமல் விட்டதில்லை.

கர்நாடக வழக்கில் மாணவியர் தரப்பு இன்னொரு தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது. அது தமிழர்களான நமக்கு நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மகளிர் பள்ளி மாணவி மூக்குத்தி அணிந்து வந்தாள். தென்னிந்திய வேர்களைக் கொண்ட இந்துக் குடும்பம். பெண் பருவமடையும்போது மூக்குத்தி இடுவது வீட்டு வழக்கம். நகைகளுக்கு அனுமதி இல்லை என்றது பள்ளி. அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், அந்தக் குடும்பப் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ என்று அறியப்படும் அதில் 2007இல் தீர்ப்பு வந்தது. மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயம் இல்லை என்பதை எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். தலைமை நீதிபதி பியுஸ் லாங்கா அதனால் என்ன என்று கேட்டார். சமயமோ பண்பாடோ, கட்டாயமோ விருப்பமோ, அந்த மாணவியின் அடையாளத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி என்றார். விருப்பத்தோடு கடைப்பிடிப்பதற்கும் பாதுகாப்பு உண்டு என்றார். மூக்குத்திக்கு விலக்கு அளித்ததால் பள்ளியின் ஒழுங்கு குலைந்துவிடாது என்றும் சொன்னார். நம் வீட்டுப் பிள்ளையின் மூக்குத்திக்காக அந்தத் தீர்ப்பை வாசித்து நெகிழ்கிற தமிழர் எவரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைத்துணி என்று வரும்போது அளவுகோலை மாற்றக் கூடாது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நிலைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டது. எனக்கு இன்றும் அது வருத்தம்.

உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மாணவியரின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு துலியா அரசாணையை ரத்து செய்தார். இன்றியமையாத வழக்கமா என்ற ஆராய்ச்சியே இந்த வழக்குக்குத் தேவையற்றது, இது விருப்பத்தைப் பற்றியது என்று எழுதினார். பள்ளி வாசலில் ஒரு சிறுமியிடம் ஹிஜாபைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தின்மீதும் கண்ணியத்தின்மீதும் நடத்தப்படும் தாக்குதல் என்றார். கிராமத்திலும் சிறு நகரத்திலும் ஒரு பெண் குழந்தை பள்ளிக்குப் போகும் முன் வீட்டு வேலை செய்துவிட்டுப் போகிறாள். அவளுடைய படிப்புக்கு மேலும் ஒரு தடையை வைத்து அவள் வாழ்க்கையை மேம்படுத்தப் போகிறோமா என்ற அவருடைய கேள்விக்கு எதிர்த்தரப்பில் யாரும் இதுவரை நேர்மையான பதில் சொல்லவில்லை. வழக்கு பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆண்டுகள் போயும் அந்தத் தீர்ப்பு வரவில்லை. வழக்குத் தொடுத்தபோது பள்ளி மாணவியராக இருந்தவர்கள் அந்தப் பருவத்தையே கடந்துவிட்டார்கள். இடையில் சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள்; பலர் தேர்வுகளைத் தவறவிட்டார்கள்.

உங்கள் குழுவில் சீருடை வாதம் கட்டாயம் வரும். அதை நான் மதிக்கிறேன். ஏழை பணக்காரன், சாதி என்ற வேறுபாடு உடையில் தெரியக் கூடாது என்பதற்காக வந்தது சீருடை. தமிழ்நாட்டில் விலையில்லாச் சீருடை எத்தனை பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கியது என்பது ஆசிரியையான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் சீருடை என்றைக்குமே எல்லா அடையாளங்களையும் துடைத்துவிட்டதில்லை. பொட்டு, வளையல், திருநீறு, சிலுவை, சீக்கியத் தலைப்பாகை எல்லாம் சீருடையோடுதான் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன. மூத்த வழக்கறிஞர் ரவிவர்ம குமார் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, ஹிஜாபை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். மாணவியர் சீருடைக்கு மறுப்புச் சொல்லவில்லை. அதன்மேல், அதே நிறத்தில், ஒரு துணி கேட்டார்கள். காவித் துண்டோடு இதை ஒப்பிடுவதும் சரியல்ல. அந்தத் துண்டை அந்த மாணவர்கள் முந்தைய ஆண்டு அணிந்து வந்தார்களா, பிரச்சினை ஓய்ந்த பிறகும் அணிகிறார்களா என்று பார்த்தாலே போதும், எது நம்பிக்கை, எது பதிலடி என்று தெரிந்துவிடும்.

2024 ஆகஸ்டில் மும்பைக் கல்லூரி ஒன்று ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் எதுவும் கூடாது என்று போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பொட்டு வைக்கக் கூடாது என்றும் சொல்வீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதே உத்தரவில், வகுப்பறைக்குள் புர்கா அணிய அனுமதி இல்லை என்பதையும் தெளிவாக்கினார்கள். அந்தக் கோட்டை நான் ஏறக்குறைய ஏற்கிறேன். முகத்தைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

முகம் தெரிய வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாக்குச்சாவடியில், தேர்வறை வாசலில், விமான நிலையத்தில், நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் இன்னார் இவர்தான் என்று ஒருவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் புகைப்படம் இடம்பெறக் கூடாது என்று தொடரப்பட்ட வழக்கை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, முடிவு சரியானது. கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கம், எம்.இ.எஸ்., 2019இல் தன் கல்வி நிலையங்களில் முகத்தை மூடி வரக் கூடாது என்று தானே சுற்றறிக்கை விட்டது. வகுப்பறை என்பது பேசியும் கேட்டும் முகம் பார்த்தும் நடக்கும் காரியம் என்பதால் அந்த விதியை நான் ஆதரிப்பேன்.

ஆனால் அடையாளம் காண்பது என்பது சில நிமிட வேலை. அதற்கு வழிமுறை இருக்கிறது, பல காலமாக இருக்கிறது. பர்தா அணியும் பெண்கள் அதிகமுள்ள வாக்குச்சாவடிகளில் பெண் அலுவலர் ஒருவர் மறைவில் முகம் பார்த்து உறுதி செய்வது நம் தேர்தல்களில் நடப்பதுதான். 2016இல் கேரள உயர் நீதிமன்றம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஹிஜாப் அணிந்து வரலாம், முன்கூட்டியே வந்து பெண் கண்காணிப்பாளரின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. நீட் தேர்விலும் வழக்கமான சமய உடையில் வருபவர்களுக்கு அதே ஏற்பாடு. தேவை நிறைவேறுகிறது, பெண்ணும் அவமானப்படுவதில்லை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது மேலூரில் பாஜக முகவர் ஒருவர், ஹிஜாபோடு வந்த பெண் வாக்காளரை அதைக் கழற்றச் சொன்னார். திமுக, அதிமுக முகவர்கள் இருவருமே எதிர்த்தார்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டு வாக்குப்பதிவைத் தொடர்ந்தார்கள். உடுப்பிச் செய்திகள் உச்சத்தில் இருந்த அதே வாரங்களில், எதிரெதிர்க் கட்சியினர் ஒரு பெண்ணுக்காக ஒன்றாக நின்ற அந்தக் காட்சி எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேவை உள்ள இடத்தில் முகம் காட்டு என்பது வேறு, தெருவிலேயே மூடாதே என்பது வேறு. பிரான்ஸ் 2010இல் சட்டம் போட்டு, 2011 ஏப்ரல் முதல் பொது இடம் எதிலும் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம் என்றது. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் பாதுகாப்புக் காரணத்தை அது ஏற்கவில்லை, பெண்ணுரிமைக் காரணத்தையும் ஏற்கவில்லை, ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. 2018இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அந்தத் தடை உரிமை மீறல் என்றது.

இலங்கையில் நடந்தது இன்னும் கசப்பானது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அவசரகால விதிகளின்கீழ் ஏப்ரல் 29 முதல் முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவே அதற்கு முன்பு முகத்தை மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நேரத்துப் பதற்றத்தில் அந்த அளவு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் தடை முகத்தோடு நிற்கவில்லை. முகம் திறந்து தலைத்துணி மட்டும் அணிந்த பெண்களும் அலுவலக வாசல்களிலும் மருத்துவமனை வாசல்களிலும் நிறுத்தப்பட்டார்கள். அரசு அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரி எனப்படும் கண்டிச் சேலையோ மட்டுமே அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையே வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது பின்வாங்கப்பட்டது. முகத்துக்கென்று போட்ட தடை தலைக்கும் உடலுக்கும் இறங்கிவிட்டது. இதில் தமிழர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா அணிந்து வந்ததை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. அவர்கள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பான்மையின் கெடுபிடியைப் பல பத்தாண்டுகள் அனுபவித்த ஒரு சமூகம், தனக்குப் பெரும்பான்மை கிடைத்த ஒரு வளாகத்தில் அதையே செய்தது.

வீட்டில் அப்பாவும் அண்ணனும் வற்புறுத்தித்தானே பல பெண்கள் அணிகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான், அப்படியும் நடக்கிறது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அணிபவர்கள் இருக்கிறார்கள். அணியாததற்காக ஏச்சு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி முஸ்லிம் சமூகத்துக்குள் பேசும் பெண்கள் பெரும் துணிச்சல்காரர்கள், அவர்களுக்கு ஆதரவு வேண்டும். ஈரானில் 1983 சட்டப்படி தலையை மூடாத பெண்ணுக்கு 74 கசையடி வரை தண்டனை இருந்தது. 2022 செப்டம்பரில், உடை விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்தபோது தலைத்துணியைத் தெருவில் எரித்த பெண்கள் எந்த உரிமைக்காக நின்றார்களோ, அதே உரிமைக்காகத்தான் உடுப்பி மாணவியரும் நின்றார்கள். என் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பேன் என்பதே இருவரும் சொன்னது. ஈரானிலேயே, 1936இல் மன்னர் ரெசா ஷாவின் போலீஸ் தெருவில் பெண்களின் சாதர் என்ற போர்வையைப் பிடுங்கியது. அந்தக் காலத்தில் பல பெண்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் முடங்கிப்போனார்கள். பாட்டிமாரின் தலையிலிருந்து பிடுங்கியதும், பேத்திகளின் தலையில் திணித்ததும் ஒரே அரச அதிகாரம்.

வற்புறுத்தப்படும் பெண்ணைத் தடை எப்படிக் காப்பாற்றும் என்று படிப்படியாக நினைத்துப் பாருங்கள். அவளுடைய தந்தை கண்டிப்பானவர். ஹிஜாப் இல்லாமல் அனுப்ப மாட்டார். கல்லூரி ஹிஜாபோடு உள்ளே விடாது. மறுநாள் தந்தை மனம் மாறிவிடுவாரா? அவள் வீட்டில் இருப்பாள். சீக்கிரம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். தடையால் முதலில் படிப்பை இழப்பவள், யாரைக் காப்பாற்றப்போவதாகச் சொன்னோமோ அவளேதான். பிரான்சின் 2004 பள்ளித் தடையை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது முஸ்லிம் மாணவியரின் மேல்நிலைக் கல்வியைப் பாதித்தது என்று 2020இல் எழுதினார்கள். அதற்கு மாறான பிரெஞ்சு ஆய்வும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்: 1994இல் வந்த அமைச்சகச் சுற்றறிக்கைக்குப் பின் முஸ்லிம் மாணவியரின் தேர்ச்சி உயர்ந்தது என்கிறது அது. ஆனால் 1994 சுற்றறிக்கை முடிவைப் பள்ளிகளிடமே விட்டிருந்தது. பல இடங்களில் பெற்றோரோடு பேச்சு நடந்தது. 2004 சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. நான் இரண்டையும் சேர்த்து வாசித்துப் புரிந்துகொண்டது, பேசுகிற பள்ளி பெண்களைத் தக்கவைக்கிறது என்பதுதான்.

இனி உங்கள் குழு. சட்டநிலை உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: தமிழ்நாட்டில் இதற்குத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. கர்நாடகத் தீர்ப்பு கர்நாடகத்தின் அரசாணை பற்றியது. அதன் மேல்முறையீட்டில் இறுதி முடிவும் வரவில்லை. அதைக் காட்டி, சட்டமே தடுக்கிறது என்று குழுவில் யாராவது சொன்னால் அது தவறு. தனியார் நிர்வாகங்களுக்கு உடை விதிப்பதில் கூடுதல் இடம் உண்டு என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் உங்கள் கல்லூரி அரசின் நிதியுதவி பெறுவதாக இருந்தால், அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

விதியை எழுதும்போது எந்த மதத்தின் பெயரும் அதில் வர வேண்டாம். சீருடை நிறத்திலோ அதற்கு இசைவான ஒற்றை நிறத்திலோ தலையை மூடும் துணி அணியலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது சீக்கிய மாணவிக்கும் பொருந்தும், சிகிச்சையில் முடி இழந்த மாணவிக்கும் பொருந்தும். வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் முகம் திறந்திருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. ஆய்வகத்தில் நெருப்பும் அமிலமும் இருப்பதால் தளர்ந்து தொங்கும் துணி எதுவாக இருந்தாலும், துப்பட்டாவும் சேலை முந்தானையும் உட்பட, உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். தேர்வு நாளில் முகம் மூடி வருபவரின் அடையாளத்தைப் பெண் ஊழியர் தனியறையில் சரிபார்க்கட்டும். அதற்கு அறையும் ஆளும் யார் என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு வாசலில் காவலாளிதான் முடிவெடுப்பார். கல்லூரிக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் என்ன போர்த்திக்கொண்டு வருகிறாள் என்பது உங்கள் குழுவின் வேலை இல்லை. வந்து மாற்றிக்கொள்ள ஓர் அறை கொடுத்தால் போதும்.

முக்கியமாக, விதியை முடிவு செய்யும் முன் உங்கள் முஸ்லிம் மாணவியரில் ஹிஜாப் அணிபவர்கள் சிலரையும் அணியாதவர்கள் சிலரையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். கல்வியாண்டின் நடுவில் எதையும் அமலுக்குக் கொண்டுவராதீர்கள். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டு, விண்ணப்பிக்கும் பெண்ணும் அவள் வீட்டாரும் முன்பே படித்துவிட்டு வரும்படி செய்யுங்கள். மீறினால் என்ன என்ற பத்தியில், எந்தக் காரணம் கொண்டும் வகுப்பிலிருந்தோ தேர்விலிருந்தோ மாணவியை வெளியே நிறுத்தக் கூடாது, பேச்சு மட்டுமே என்று எழுதுங்கள். குழு மற்ற எல்லாவற்றிலும் உங்களோடு முரண்பட்டாலும், இந்த ஒரு வரியை விட்டுக்கொடுக்காதீர்கள்.